லீவு எடுத்தனான்

ஜனவரி 9

ஹீற்றிங் மறுபடி நின்றுபோயிற்று. இவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு முன்னறையில் இருக்கிறார். முதுகு ஒப்பரேசனுக்குப் பிறகு குனியக் கூடாது என்பதால் காலையில் சொக்ஸ் போட்டுவிடுவது என் வேலை. இருபத்தாறு வருடம் லண்டன் பஸ் ஓடிய கால்கள் ஐஸ்கட்டி மாதிரிக் கிடந்தன.

நாளைக்கு ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு. பதினொரு மணி. அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட ஒருவருக்குக் கடிதத்தை வாசித்துச் சொல்ல வேண்டுமாம். உளுந்து ஊறப் போட்டிருக்கிறேன்.

ஜனவரி 10

வேலைக்குப் போகும் இடங்களில் சந்திக்கும் ஆட்களின் பெயரை எங்கும் எழுதக் கூடாது. அது விதி. ஆகவே விசுவமடுக்காரர் என்றே எழுதுகிறேன்.

கோழிக்கடைக்கு மேல் மாடியில் சட்டத்தரணி பெர்க்கின்ஸின் அலுவலகம். படியேறி உள்ளே போனதும் விசுவமடுக்காரர் எழுந்து நின்றார். "அக்கா, நீங்களோ!" என்று முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்திலிருந்த பெண்ணிடம், "இவதான், நான் சொன்ன அக்கா" என்றார். கூட வந்திருந்தது அவருடைய மூத்த சகோதரி.

எனக்கும் ஞாபகம் வந்தது. போன ஐப்பசியில், அரசாங்க அலுவலகத்தில் நடந்த நேர்முகத்தில் இவருக்கு மொழிபெயர்த்தது நான்தான். ஐந்து மணித்தியாலம். ஒரு பக்கத்துக்கு வேலை செய்தவர் அதே வழக்கில் மறுபக்கத்துக்கும் வேலை செய்யக் கூடாது. உடனே சொல்லிவிட்டு எழும்பியிருக்க வேண்டும். "முதலே தெரியுமோ?" என்று பெர்க்கின்ஸ் கேட்டார். "எங்கள் ஊர் ஆட்களில் யாருக்குத்தான் யாரைத் தெரியாது" என்று சிரித்துவிட்டு இருந்துவிட்டேன். வெளியே மழை. இன்னொருவரைத் தேடிப் பிடிப்பதென்றால் அவர்களுக்கு இன்னொரு கிழமை வீண்.

பதினான்கு பக்கக் கடிதம். ஒவ்வொரு பந்தியாக வாசித்து வாசித்துச் சொன்னேன். இருபத்துமூன்றாம் பந்தியில் இப்படி இருந்தது: இயக்கத்துக்கு 2009 கடைசி வரை வாகனம் ஓட்டியதாக எழுத்தில் சொல்லியிருக்கிறீர், நேர்முகத்திலோ 2006 பெப்ரவரியிலேயே இயக்கத்தை விட்டு விலகிவிட்டதாகச் சொன்னீர், ஆகவே உமது கதையின் எந்தப் பகுதியையும் நம்புவதற்கில்லை.

அவர் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார்.

"நான் அப்பிடிச் சொல்லேல்லையே அக்கா. மாசியில அம்மாவின்ர செத்தவீட்டுக்கு லீவு எடுத்தனான் எண்டுதானே சொன்னனான். எட்டாம் நாள் திரும்பிப் போயிட்டன். கடைசி மட்டும் அவையளோடதான் நிண்டனான்."

பெர்க்கின்ஸ் என் முகத்தைப் பார்த்தார். அவர் சொன்னதைச் சொன்னேன்.

பெர்க்கின்ஸ் ஏதோ குறித்துக்கொண்டார். ஞாபக மறதிக்கு வைத்தியரிடம் காட்டியிருக்கிறாரா, கடிதம் ஏதும் உண்டா என்று கேட்டார். அதைத் தமிழில் சொன்னதும் விசுவமடுக்காரர் குழம்பிப் போனார்.

"மறதியோ? எனக்கென்ன மறதி அக்கா? நாள், கிழமை எல்லாம் சொல்லுவன்."

அப்பீல் மார்ச் ஐந்தாம் தேதி. மூன்று மணிக்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன். வடை சரியாக வரவில்லை. எண்ணெய் குடித்துவிட்டது.

ஜனவரி 11

ஹீற்றிங் திருத்த வந்தவன் திங்கட்கிழமை வருகிறேன் என்று போய்விட்டான்.

ஜனவரி 13

நூலகத்துக்குப் போய்ப் பெரிய அகராதியை எடுத்துப் பார்த்தேன். 'லீவ்' என்ற ஒரு சொல்லுக்கு இத்தனை பக்கமா?

நேர்முகத்தில் அவர் சொன்னது "லீவு எடுத்தனான்." நான் ஆங்கிலத்தில் சொன்னதும் அச்சொட்டாக அதுதான், 'ரூக் லீவ்', took leave. ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அந்த மொழியில் அதற்கு விடுமுறை எடுத்தேன் என்றும் பொருள், விடைபெற்றுப் போனேன் என்றும் பொருள். கேட்ட அதிகாரி இரண்டாவதை எடுத்துக்கொண்டால் அது என் பிழையா?

உண்மையில் அவை இரண்டு தனித்தனிச் சொற்களாம். ஒன்று அனுமதி. அன்பு, நம்பிக்கை ஆகியவற்றுக்கான சொற்களோடு ஒரே வேரில் பிறந்தது. வேலையில் எடுக்கும் லீவும் அதுதான், இந்த நாட்டில் இருப்பதற்குக் கொடுக்கும் அனுமதிக்கும் அந்த லீவ்தான். மற்றது விட்டுப் போவது. அதன் பழைய பொருள் 'இருக்க விடுதல்', ஒன்றைப் பின்னே மிஞ்ச விடுதல். ஜெர்மன்காரர் 'தங்கியிரு' என்பதற்குச் சொல்லும் சொல்லும் அதே வேராம். இருக்கச் சொல்வதும் போகச் சொல்வதும் நூற்றாண்டுகளாகத் தேய்ந்து தேய்ந்து ஒரே உச்சரிப்புக்கு வந்து நிற்கின்றன.

விடைபெறும் பொருளில் வருவதும் முதலில் அனுமதிதானாம். பிரபுவின் முன்னால் நின்று, போக உத்தரவு கேட்டுப் பெறுவது.

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தேன். அங்கிருந்த பெண், படிக்கிறீர்களா என்று கேட்டாள். ஓம் என்றேன்.

ஜனவரி 15

பொங்கல். இவரால் அடுப்படியில் நிற்க முடியவில்லை. மைக்ரோவேவில் பாலைப் பொங்க வைத்தேன். பொங்கி வழிந்து தட்டெல்லாம் ஊற்றுண்டது. நல்ல சகுனம் என்றார்.

ஜனவரி 24

பெயர் சொல்லாமல், வேறு யாருக்கோ நடந்தது போல, இவரிடம் கேட்டேன்.

"நீர் சொன்னது சரியெண்டா பிறகென்ன? உம்மட வேலை சொல்லுறதுதானே. அவன் பிழையா விளங்கிக்கொண்டா அது அவன்ர பாடு."

"பிழையா விளங்கிக்கொண்டான் எண்டு தெரிஞ்சால்?"

இவர் ரீவியின் சத்தத்தைக் குறைத்தார். "தெரிஞ்சதோ உமக்கு?"

"நான் பொதுவாக் கேக்கிறன்."

"பொதுவா எண்டா..." என்று இழுத்தவர் சத்தத்தைக் கூட்டிக்கொண்டார். ஆனால் சாப்பிடும்போது இரண்டு மூன்று தரம் என்னைப் பார்த்தார்.

பெப்ரவரி 3

அந்த நேர்முகத்தைப் பற்றி எழுதிவிடுகிறேன். எழுதினால் விட்டுப் போகும்.

ஐப்பசி, ஒரு புதன்கிழமை. அன்று பின்னேரம் இவருக்கு முதுகு ஸ்கான். மூன்று மணிக்கு வேலை முடிந்தால்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரலாம். இரண்டே முக்காலாகியும் அதிகாரி விடுவதாயில்லை. இளம் பெண், கேள்விக்கு மேல் கேள்வி. ஒவ்வொன்றும் தமிழுக்குப் போய், பதில் ஆங்கிலத்துக்கு வந்து, அவள் அதைத் தட்டெழுதி... நான் மேசைக்குக் கீழே மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் லீவு எடுத்தனான் என்றார். நான் 'ரூக் லீவ்' என்றேன். அவள் திரையிலிருந்து முகத்தை எடுக்காமல் கேட்டாள்: அப்படியென்றால் விலகிவிட்டார்?

நான் யெஸ் என்றேன்.

அந்தக் கேள்வியை நான் அவரிடம் கேட்கவில்லை. தமிழாக்கவே இல்லை. கேள்வி அவருக்கு, விடை சொன்னது நான். மூன்று மணி பத்துக்கு முடிந்தது. ஓடிப்போய் ரெயின் பிடித்தேன். ஸ்கானுக்குள் இவரை ஏற்கெனவே கொண்டுபோய்விட்டார்கள்.

இருபத்தொரு வருடத்தில் என்மேல் ஒரு முறைப்பாடு கிடையாது. விடை என்ற சொல்லை இன்று நெடுநேரம் யோசித்தேன். பதிலும் விடைதான், போவதற்குக் கொடுக்கும் உத்தரவும் விடைதான். தமிழும் சும்மா இல்லை.

எழுதியும் விட்டுப் போகவில்லை.

பெப்ரவரி 6

பெர்க்கின்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நேர்முகத்தின் ஒலிப்பதிவைக் கேட்டு வாங்குங்கள், கடைசி அரை மணித்தியாலத்தைக் கேளுங்கள் என்று. காரணம் எழுதவில்லை. காரணமில்லாமல் ஏன் வாங்கப் போகிறார்? காரணத்தையும் எழுதினேன். வாசித்துப் பார்த்தேன். உறையில் போட்டு, முத்திரை ஒட்டி, துணி அலுமாரியில் சேலைகளுக்கு நடுவே வைத்திருக்கிறேன்.

இவருக்கு இன்னும் மூன்று மாதத்துக்கு வேலைக்குப் போக முடியாதாம்.

பெப்ரவரி 14

சேலை எடுக்கப் போய், எடுக்காமல் அலுமாரியைச் சாத்தினேன். பலசரக்குக் கடை வரை சல்வாரிலேயே போனேன்.

பெப்ரவரி 27

இரண்டு வேலை. ஒன்று பள்ளிக்கூடத்தில், மற்றது தொலைபேசியில். இரண்டிலும் ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தரம் கேட்டேன். பள்ளிக்கூடத்து ஆசிரியை, நீங்கள் மிகவும் கவனமாகச் செய்கிறீர்கள் என்று பாராட்டினாள்.

மார்ச் 5

இன்று அவருடைய அப்பீல். அங்கே வேறு மொழிபெயர்ப்பாளர். நான் ஆஸ்பத்திரியில், முதல் பிள்ளை வயிற்றில் ஐந்து மாதமான ஒரு மானிப்பாய்ப் பெண்ணுக்கு மொழிபெயர்க்கப் போயிருந்தேன். ஸ்கான் செய்தவள், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றாள். நான் தமிழில் சொல்ல வாயெடுத்தபோது சத்தம் வரவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னேன். அதற்குள் அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துப் பயந்து அழத் தொடங்கிவிட்டாள். ஒன்றுமில்லையம்மா, நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 22

தமிழ்க்கடையில் முருங்கைக்காய் பார்த்துக்கொண்டு நின்றபோது, "அக்கா" என்று யாரோ தோளைத் தொட்டார்கள். அவருடைய சகோதரி. யோகமலர் என்று பெயர் சொன்னா.

"தம்பியின்ர கேஸ் சரிவரேல்லை அக்கா."

கூடையைக் கீழே வைத்தேன்.

"லீவு எண்டா என்ன எண்டு அங்க போய் வடிவா விளங்கப்படுத்தினவன். அப்பீலுக்கு ஞாபகமில்லை எண்டு எழுதிக் குடுத்திட்டு இப்ப வந்து புதுக்கதை சொல்லுறீர் எண்டு கேட்டவையாம். நாங்கள் எங்க ஞாபகமில்லை எண்டு சொன்னனாங்கள்? நீங்களும்தானே அண்டைக்கு இருந்தனீங்கள். பெர்க்கின்ஸ் ஐயா ஏன் அப்பிடி எழுதினவரோ தெரியாது."

"அவர்... தம்பி என்ன சொல்றார்?"

"அவன் ஒருத்தரையும் பிழை சொல்ல மாட்டான். நான்தான் தெளிவாச் சொல்லாமல் விட்டிட்டன் எண்டு தலையில தலையில அடிக்கிறான். அந்த அக்கா எவ்வளவு பொறுமையாக் கேட்டவ, என்ர வாய்தான் சரியில்லை எண்டு." யோகமலர் என் கூடையைப் பார்த்தா. "முத்தல் காய் அக்கா உது. இஞ்ச விடுங்கோ, நான் பாத்து எடுத்துத் தாறன்."

நல்ல காயாகப் பார்த்து, ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்து, ஆறு காய் எடுத்துத் தந்தா.

மார்ச் 23

ஜனவரி பத்தாம் தேதி 'அவர் சொன்னதைச் சொன்னேன்' என்று இந்தக் கொப்பியில் எழுதியிருக்கிறேன். அது பொய்.

அன்று அவர், அம்மாவின் செத்தவீட்டுக்கு லீவு எடுத்தது, எட்டாம் நாள் திரும்பிப் போனது எல்லாம் சொன்னார். அதை அப்படியே சொல்லியிருந்தால் பெர்க்கின்ஸ் அன்றைக்கே ஒலிப்பதிவைக் கேட்டிருப்பார். அதில் என் குரல் இருக்கும். என் யெஸ் இருக்கும். அவர் தமிழில் பேசி முடிக்கும்போதே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மூன்று செக்கன் இருக்கும். பிறகு நான் பெர்க்கின்ஸிடம், 'அப்படிச் சொன்னதாக அவருக்கு ஞாபகமில்லையாம்' என்றேன்.

நேர்முகத்தில் நடந்தது அவசரம். இது அவசரமில்லை. எந்த அகராதியிலும் இதற்கு இரண்டாம் பொருள் கிடையாது.

அவருடைய பெயர் நிமலராசன். வயது நாற்பத்தொன்று. நான் கேட்டுக்கொண்டிருக்க ஐந்து மணித்தியாலம் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

மார்ச் 25

அலுமாரியிலிருந்த கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். இரண்டையும் எழுதினேன். நேர்முகத்தில் செய்ததையும் ஜனவரியில் செய்ததையும். மொழிபெயர்ப்பாளர் பதிவுச் சபைக்கும் ஒரு பிரதி. தபாலில் போடாமல் நேரே பெர்க்கின்ஸின் அலுவலகத்துக்குப் போய், வாசல் மேசையில் வேலை செய்யும் பிள்ளையிடம் கொடுத்தேன். அவர் கோர்ட்டுக்குப் போயிருந்தார்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். ரீவியை நிறுத்தினார். பிறகு, "ஸ்கானுக்கு நான் தனியாப் போயிருப்பனே, சுகி" என்றார். ஏசியிருக்கலாம்.

மார்ச் 27

பெர்க்கின்ஸ் தொலைபேசியில் பேசினார். கோபமாகப் பேசவில்லை, ஒவ்வொரு சொல்லாக, எழுதுவதுபோலப் பேசினார். ஒலிப்பதிவைத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறாராம். அது கிடைத்தால், என் கடிதத்தையும் வைத்து வழக்கை மறுபடி திறக்க நல்ல வாய்ப்பு இருக்கிறதாம்.

பிறகு கேட்டார்: "அவர் எங்கே இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா? இரண்டு நாளாகத் தொலைபேசியை எடுக்கிறாரில்லை."

மார்ச் 28

யோகமலரின் நம்பர் கடைக்காரரிடம் இருந்தது. எடுத்தேன்.

"அவன் போயிட்டான் அக்கா."

எங்கே என்று கேட்டேன்.

"விருப்பத்தோட திரும்பிப் போறன் எண்டு தானே கையெழுத்து வைச்சுக் குடுத்திட்டான். எனக்குச் சொல்லேல்லை. ஞாயிற்றுக்கிழமை பிளேன். எயார்போட்டில நிண்டுதான் எனக்கு எடுத்தவன். பொய்யன் எண்டு எழுதி வைச்சிருக்கிற நாட்டில என்னண்டு அக்கா இருக்கிறது எண்டு கேட்டான். கட்டுநாயக்காவில இறங்கிட்டன் எண்டு திங்கட்கிழமை ஒரு மெசேச். பிறகு போன் வேலை செய்யேல்லை."

ஞாயிற்றுக்கிழமை மார்ச் 24. நான் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தது திங்கட்கிழமை. முத்திரை ஒட்டிய கடிதம் பெப்ரவரி ஆறாம் தேதியிலிருந்து வீட்டில் இருந்தது.

யோகமலருக்கு என் கடிதத்தைப் பற்றி இன்னும் தெரியாது. பெர்க்கின்ஸ் நிமலராசனிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று இருக்கிறாராம். நானும் சொல்லவில்லை.

ஏப்ரல் 2

பதிவுச் சபையிலிருந்து கடிதம். விசாரணை முடியும் வரை என் பெயரை நீக்கி வைத்திருக்கிறார்கள். நல்ல கடிதம், மரியாதையாக எழுதியிருக்கிறார்கள். சத்தமாக வாசித்துப் பார்த்தேன். பழக்கத்தில் ஒவ்வொரு வசனத்துக்குப் பிறகும் தமிழில் சொன்னேன். கேட்க யாருமில்லை, இவர் குளித்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 9

ஒலிப்பதிவு கிடைத்துவிட்டதாம். பெர்க்கின்ஸ் சொன்னார். வேறொரு மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்டாராம். நான் எழுதியது எழுதியபடி இருக்கிறதாம். ஆனால் ஆள் இந்த நாட்டில் இல்லாதபோது இருக்க அனுமதி கேட்டு விண்ணப்பிக்க முடியாதாம்.

நிமலராசனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

ஏப்ரல் 13

இவர் இன்று தானே குனிந்து ஒரு சொக்ஸைப் போட்டுக்கொண்டார். மற்றதை நான் போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 17

யோகமலரின் வீட்டுக்குப் போனேன். நான்காம் மாடி, லிப்ட் வேலை செய்யவில்லை. இவர் கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன்.

துக்கம் விசாரிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டா. தேத்தண்ணி ஊற்றித் தந்தா. இருபத்துமூன்று நாளாகிவிட்டது, விசுவமடுவிலிருக்கும் சித்தப்பா கொழும்புக்குப் போய் ஒவ்வொரு இடமாக விசாரிக்கிறார், ஒருவரும் ஒன்றும் சொல்கிறார்களில்லை என்று சொன்னா. கதிரையின் முதுகில் ஒரு நீல ஜக்கெட் தொங்கியது. "அங்க வெக்கைதானே அக்கா, எனக்கு உது தேவையில்லை எண்டு விட்டிட்டுப் போயிட்டான்."

நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். வரிசையாகச் சொன்னேன். அன்று பின்னேரம் இவருக்கு ஸ்கான். யெஸ். பிறகு ஜனவரி. ஞாபகமில்லையாம் என்று நான் சொன்னது. அலுமாரியில் இருந்த கடிதம். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

கீழே பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளின் சத்தம் கேட்டது.

"அண்டைக்கு நானும் பக்கத்தில இருந்தனான்," என்றா யோகமலர். "எனக்கு இங்கிலீஷ் தெரியாது. நீங்கள் எங்களுக்காகத்தான் கதைக்கிறீங்கள் எண்டு நினைச்சுக்கொண்டு உங்கட வாயையே பாத்துக்கொண்டு இருந்தனான்."

"மன்னிக்கச் சொல்லிக் கேக்க வரேல்லை."

"அது நல்லது."

எழுந்து உள்ளே போய் ஒரு கொப்பித்தாளும் பேனையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தா.

"என்ர தம்பி பொய் சொல்லேல்லை எண்டு எழுதித் தாங்கோ. தமிழில. வேற ஒண்டும் வேண்டாம்."

எழுதினேன். பெயர், தேதி, அவர் சொன்ன வசனம் முழுவதும், அதற்கு நான் சொன்னது. கீழே கையெழுத்து வைத்தேன். யோகமலர் வாங்கி, உதட்டை அசைத்து, இரண்டு தரம் வாசித்தா. மடித்து ஜக்கெட்டின் உள் பொக்கெற்றில் வைத்து, அதைப் பூட்டினா. வேறு எங்கு வைப்பது என்று தெரியாதது போல அங்கேயே சற்று நேரம் கையை வைத்துக்கொண்டு நின்றா.

நான் எழுந்தேன். வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, வாய்ப் பழக்கத்தில், "அப்ப நான் போயிட்டு வாறன்" என்றேன்.

யோகமலர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றா. கண்ணில் தண்ணீர் இல்லை. குரலிலும் கோபம் இல்லை.

"போறன் எண்டு சொல்லுங்கோ அக்கா."

"போறன்" என்று சொன்னேன்.